கெம்பஸ்காரங்க வர்ற நாள்

ஜீவராணி: ...அப்ப இன்னையோட சரியா மிஸ்?

வினோதா: என்ன டீச்சர், தேத்தண்ணிய கையில குடுத்துட்டு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? சந்தோஷமான நாள் இது. ஹோல்ல மேளம்கூட அடிக்கிறாங்க, கேளுங்க.

ஜீவராணி: அது உங்களை மேடைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. காவடியும் இருக்கு.

வினோதா: ஐயோ, மாலை கீலை எல்லாம் வேணாம்னு உங்க அதிபர்கிட்ட சொன்னேனே!

ஜீவராணி: செல்லசாமி சேர்கிட்ட அதெல்லாம் எடுபடாது. அவருக்கு விழான்னா மாலை. மாலைன்னா ஆளுக்கு ரெண்டு. இந்த விழாவுக்காகப் பாடத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, கிழமைக் கணக்கா டான்ஸ்தான்... மிஸ், அடுத்த சனிக்கிழமையிலருந்து உங்க கெம்பஸ் புள்ளைங்க படிப்பிக்க வரமாட்டாங்களா?

வினோதா: வருவாங்க. ஆனா இங்க இல்ல, இறம்பொடைப் பக்கம். அங்க ஒரு ஸ்கூல்ல கணக்குக்கு டீச்சரே கெடையாது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு வேன்.

ஜீவராணி: ரெண்டு எடத்துக்கும்...

வினோதா: முடியாது டீச்சர். உங்க ஸ்கூல்தான் கரையேறிடுச்சே! தவணைக்குத் தவணை நானே வந்து வாசிக்க வச்சுப் பார்த்தேன். கடைசித் தடவை எட்டாம் வகுப்புல ஒரு புள்ளகூடத் தடுமாறல. எங்க பல்கலைக்கழக டிபார்ட்மென்ட்ல கை தட்டினாங்க. இப்படி ஒரு ஸ்கூலாவது நல்லா வந்துச்சுன்னு காட்டினாத்தான் அடுத்த வருஷமும் வேன் குடுப்பாங்க.

ஜீவராணி: அன்னைக்கு... மழை.

வினோதா: மழைக்கும் வாசிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

ஜீவராணி: பின் பெஞ்சு காலியா இருந்துச்சே, பாக்கலியா?

வினோதா: மேல் லயத்து வீடுகள்ல காய்ச்சல்னு சேர் சொன்னாரு.

ஜீவராணி: நீங்க வர்ற தவணைக்கெல்லாமா மிஸ் காய்ச்சல் வரும்?

வினோதா: உங்க தேத்தண்ணியும் ஆறுது டீச்சர். குடிங்க.

செல்லசாமி: ஆ, இங்கயா நிக்கிறீங்க! ஜீவராணி டீச்சர், மிஸ்ஸுக்கு வடை கொண்டு போங்கன்னா, ஆளையே புடிச்சு வச்சுக்கிட்டீங்களே! காவடிக்காரப் பயலுக கால் வலிக்குதுங்கிறானுக.

வினோதா: இதோ வந்துட்டோம் சேர்.

செல்லசாமி: சுருக்கா வாங்க. நான் போயி மைக்க பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். விட்டா நம்ம தோட்டச் சங்கத் தலைவர் பேச ஆரம்பிச்சிருவாரு, பொழுது சாஞ்சிரும்.

ஜீவராணி: ...போயிட்டாரு. மிஸ், ஒரு நிமிஷம். சுலக்ஷனான்னு ஒரு புள்ள. எட்டாம் வகுப்பு. உங்களுக்குத் தெரியாது.

வினோதா: தெரி... சொல்லுங்க.

ஜீவராணி: தன் பேரை எழுதத் தெரியாமலே எட்டு வரைக்கும் வந்தவ. அவளை மாதிரி ஒரு பெஞ்சு நெறைய இருக்குதுங்க. உங்க கெம்பஸ் பிரதாப் தம்பி இருக்காரே, அவரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல அதுங்கள தனியா உக்கார வச்சுக்கிட்டாரு. புத்தகத்தைக் கண்டா அதுங்களுக்குப் பயம். தீப்பெட்டி, சோப்புக் கவர், பிஸ்கட் பைக்கட்டுன்னு கொண்டாந்து எழுத்து சொல்லிக் குடுத்தாரு. அவரு பாதி நாள் சாப்பிட்டதே இல்ல.

வினோதா: ம்.

ஜீவராணி: போன மாசம் பஸ் போர்டப் பாத்து ‘நானுஓயா’ன்னு வாசிச்சுட்டா மிஸ்! அன்னைக்குப் பூரா வர்ற பஸ்ஸையெல்லாம் கைகாட்டி நிறுத்தி வாசிச்சா. கண்டக்டர் வாய்க்கு வந்தபடி ஏசிட்டுப் போனாரு. அவ சிரிச்சுக்கிட்டே நின்னா.

வினோதா: அப்புறம்?

ஜீவராணி: அவங்கம்மா சொல்லிட்டாங்க. ‘கெம்பஸ் தம்பி வர்ற வரைக்கும் போகட்டும் டீச்சர். அவரு வர்றது நின்னுட்டா, சின்னவனப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும். நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகணும்’னு. என்னால தனியா முடியல மிஸ். ஒரே நேரத்துல மூணு வகுப்பப் பாக்குறேன்.

வினோதா: பிரதாப் இதை ஏன் எனக்குச் சொல்லல?

ஜீவராணி: நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன், சொல்லிராதீங்கன்னு. நீங்க வர்ற நாள்ல அதுங்கள வெளிய காட்டக்கூடாதுன்னு சேர்...

செல்லசாமி: டீச்சர்!

ஜீவராணி: ...சேர், நீங்க போகலியா?

செல்லசாமி: பாதி தூரம் போனேன். திரும்பி வந்தேன். சொல்லுங்க, நிறுத்தாதீங்க. நான் சொன்னதுதானே.

வினோதா: ஏன் சேர்?

செல்லசாமி: முந்தி ஒரு நிறுவனம் வந்துச்சு மிஸ். உதவி செய்யத்தான். நான் புள்ளைங்கள உள்ளது உள்ளபடி காட்டினேன். ‘அடிப்படையே இல்ல, இங்க போட்டு என்ன பிரயோசனம்’னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. அந்தப் புள்ளைங்க முன்னாலயே சொன்னாங்க. அதான் இந்த முறை... நல்லாப் படிக்கிறதுகள மட்டும் காட்டினா நீங்க நிப்பீங்கன்னு நெனச்சேன்.

ஜீவராணி: தோட்டத்துத் தொரை வர்றாருன்னா லயத்துக்கு முன்பக்கம் மட்டும் வெள்ளையடிக்கிற மாதிரி.

செல்லசாமி: ஆமா, அந்தப் புத்திதான். எங்கப்பாவும் அந்த வெள்ளைய அடிச்சவருதான். ஒழுகுறத காட்டினா விட்டுட்டுப் போயிருவாங்கன்னுதான் எனக்குத் தெரியும். நல்லாயிருக்குன்னு காட்டினாலும் போயிருவாங்கன்னு யாரு மிஸ் கண்டா? நானே மேடையில சொல்லிருறேன். என் மேல என்ன எழுதணுமோ எழுதுங்க. புள்ளைங்கள விட்டுறாதீங்க.

வினோதா: இப்ப எங்க இருக்காங்க?

ஜீவராணி: பழைய பிள்ளைக்காம்பராவுல. முந்தி கைக்குழந்தைங்கள விட்டுட்டு மலைக்குப் போற எடம். புதுசு கட்டினதுலருந்து சும்மா கெடக்கு... இன்னைக்கு விழான்னு எல்லாம் துவைச்ச யூனிபோர்ம் போட்டு வந்திருக்குதுங்க மிஸ். கடைசி நாள்தானே, தங்களையும் கூப்பிடுவாங்கன்னு.

வினோதா: சேர், மேளத்த நிறுத்தச் சொல்லுங்க.

செல்லசாமி: மிஸ்...

வினோதா: விழா வேணாம். ஒரு சனி இறம்பொடைக்கு, ஒரு சனி இங்க. இங்க வந்தா அந்தப் பெஞ்சுக்குத்தான் மொதல்ல. பிரதாப்புக்குத் துணையா இன்னும் ரெண்டு பேரை அனுப்புறேன். டீச்சருக்கும் அந்த முறைய அவரு பழக்கிக் குடுக்கட்டும். டிபார்ட்மென்ட்ல கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்.

ஜீவராணி: நெசமாவா மிஸ்?

செல்லசாமி: உங்களுக்கு எங்க மேல கோவமே இல்லையா? இத்தன நாளா ஏமாத்தியிருக்கோம்...

வினோதா: வாங்க, போவோம்.

ஜீவராணி: பாத்து வாங்க, ஹோலுக்குப் பின்னால வழுக்கும். நான் முன்னால போயி வழி...

வினோதா: வழி தெரியும் டீச்சர்.

ஜீவராணி: உங்களுக்கா? எப்படி?

வினோதா: போன தவணை வந்தப்ப ஹோலுக்குப் பின்னால கை கழுவப் போனேன். யாரோ எழுத்துக் கூட்டுற சத்தம் கேட்டுச்சு. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். ஒரு புள்ள, கையில பிஸ்கட் பைக்கட்டோட எந்திரிச்சு வந்து, வாயில வெரல வச்சு, ‘உஷ்... சத்தம் போடாதீங்கக்கா, கெம்பஸ் மிஸ் வந்திருக்காங்க’ன்னு எனக்கே சொல்லிச்சு... நான் சத்தம் போடல சேர். அங்கயும் போடல. எங்க டிபார்ட்மென்ட்லயும் போடல.