சத்தம் போடாத கம்ப்யூட்டர்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். நான் காதை வைத்துப் பார்த்தேன். கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றைக் கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்த்தார். "இதுல கேம்கூட ஆடலாம் சார்" என்றார். அதன் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. விசிறியே இல்லாத கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன்.

சாஃப்ட்வேரையும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒன்றில், நடுவில் கரண்ட் போனால் பாடியது அத்தனையும் அம்பேல். நான் எடுத்தது, மைக்கைத் திறந்த நொடியிலிருந்து எல்லாவற்றையும் தானே சேமித்துக்கொண்டே போகும். அதனால்தான் அந்தப் பதிவு இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல சாஃப்ட்வேர்.

எல்லாம் தங்கச்சிக்காக. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். சுவர் அலமாரியின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே பஞ்சு ஒட்டி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்து, அவள் நின்று பாட ஓர் இடம் செய்தேன். கதவு சும்மா சும்மா திறந்துகொண்டதால் வெளியே ஒரு தாழ்ப்பாள். உள்ளே போகுமுன் சத்தம் போடுகிற எதையும் என் மேசையில் வைத்துவிட வேண்டும். வளையல், சாவிக்கொத்து, இன்ஹேலர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இன்ஹேலர் சட்டைப் பையில் இருந்தால் அசையும்போது கடகடக்கும், மைக் பிடித்துவிடும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பழக்கினேன். நான்கு வருடம் அப்படித்தான் பாடினாள்.

பிறகு ஓர் இசையமைப்பாளர் போன் செய்தார். வேறு ஊர், பெரிய ஸ்டூடியோ. "எனக்கு இங்க போதும், நான் போறேன்" என்றாள். முதலில் சண்டை போட்டேன்; பிறகு ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போகிற அன்று ஒரே ஒரு பாட்டு பாடிக் கொடுத்துவிட்டுப் போ என்று மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றாள்.

மூன்றாவது தடவை பாடி முடித்ததும் இருமினாள். "நல்லாத்தானே வந்திருக்கு? கதவத் தொற, பஸ்ஸுக்கு நேரமாச்சு." நன்றாகத்தான் வந்திருந்தது. இன்னொரு தடவை என்றேன். பாதிப் பாட்டில் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. "முடியல, மருந்தக் குடு" என்றாள். மருந்து என் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது.

எனக்குக் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். ஹெட்ஃபோனில் அவள் என் காதுக்குள்ளேயே இருந்தாள். குரல் இறங்க இறங்க, நான் மைக்கின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனேன். கதவைத் தட்டினாள், பிறாண்டினாள். பதினோரு நிமிடம். எல்லாம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கே அமைதியானாலும் அந்த மூச்சு வந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் ஓடி நின்றால் வருகிறது. சிக்னலில் என்ஜின் அணைந்தால் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார். இங்கே யாராவது பேசிக்கொண்டே இருங்கள்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினால் தாழ்ப்பாள் எட்டும். நான் நீட்டவில்லை. அந்தப் பதிவை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அந்த ஊருக்குப் போகக் கூடாது என்று நான் சண்டை போட்டதிலிருந்து ஒரு மாதமாக அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவே இல்லை. அந்தப் பதினோரு நிமிடத்தில் முப்பத்தாறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எவ்வளவு பாசமாகக் கூப்பிடுகிறாள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.