மீன் வராத மத்தியானம்

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒரே சந்தில் குடியிருப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அக்கா, நேத்து மத்தியானம் எங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டாரு," என்றாள் இளையவள்.

"அதுக்கா காலையிலேர்ந்து சிரிச்சிட்டிருக்க?"

"மூட்டை தூக்கி இடுப்பு போனதுலேர்ந்து மூணு மாசமா உட்கார்ந்துதானே தூங்கினாரு. நேத்து பாயில மல்லாந்து படுத்து, நல்ல குறட்டை. வாசல்லயே நின்னு கேட்டேன். சுக்குச் சாயா நெஞ்சுல எறங்கின மாதிரி ஒரு சூடு. அப்பப் பார்த்து மீன்கார சேட்டன் ஹாரன் அடிச்சிட்டு வர்றாரு. ஓடிப்போய் வாயில விரல் வெச்சுக் காட்டினேன். அவரும் ஜன்னல்கிட்ட நின்னு கொஞ்ச நேரம் கேட்டாரு. அப்புறம் வண்டிய அணைச்சு, சந்து முடியுற வரைக்கும் சத்தமில்லாம தள்ளிட்டே போனாரு."

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் மீன் வரலையா? மீன் குழம்புக்குக் குடம்புளிய ஊறவெச்சிட்டு, அஞ்சு மணி வரைக்கும் ஹாரனுக்குக் காத்திருந்தேன்."

"ஐயோ, அக்கா."

படகு வந்தது. வரிசை நகர்ந்தது.

"இன்னைக்கும் தூங்குவாரா?"

"தெரியலக்கா."

"தூங்கட்டும். நாங்க பப்படம் பொரிச்சுக்கறோம்."