எடை விழும் இடம்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். காலையிலிருந்து முழங்கால் வலி. என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

ஷா ஆலமில் ஒரு தனியார் கல்லூரியில், டிசைன் படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வரையவும் கையால் செய்யவும் கற்றுக்கொடுக்கிறேன். நாளைக்கு நாற்காலி, விளக்கு என்று வடிவமைக்கப் போகிறவர்கள். நிற்கிற ஆளை வரையச் சொன்னால் பலூன் மாதிரி மிதக்க விடுவார்கள். கழுத்துக் குழியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கு, எந்தக் காலில் எடை விழுகிறதென்று பார் என்பேன். கோடு இறங்கும். எடை இறங்காது.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். அப்பா மரியநாயகம் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எடை என்றால் என்னவென்று எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை.

அதனால்தான் திருமுருகனைக் கூட்டிவந்தேன். பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிடுகிற கடையில் மேசை துடைப்பவர். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்தவர். லீவு நாளில் வந்து நிற்க முடியுமா, பிள்ளைகள் வரைவார்கள் என்றேன்.

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமாண்ணே? எங்க கடையில சும்மா நின்னா ஏச்சுதான் விழும்" என்று சிரித்தார்.

சும்மா நிற்க வைக்கவில்லை. தோளில் மூட்டை. சிந்து என்ற மாணவி, உள்ளே பஞ்சு வைக்கலாமே சார் என்றாள். எடையை நடிக்க முடியாது என்று சொல்லி, அச்சு வார்க்க வைத்திருந்த பிளாஸ்டர் மாவை நானே நிரப்பினேன். இது டிசைன் கோர்ஸா ஜிம்மா என்று இன்னொரு மாணவன் நைஜல் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். திருமுருகனும்தான். நாங்கள் வரைகிற பட்டறைக்குத் தகரக் கூரை. காத்தாடி சுற்றினால் தாள் பறக்கிறது என்று அதையும் நிறுத்தினேன்.

முதல் படத்திலேயே பாதம் தரையில் ஒட்டியது. வருஷக்கணக்காக நான் கேட்டது அன்றைக்குக் கிடைத்தது. இடையில் ஓய்வு கொடுப்பது வழக்கம். கொடுத்தால் பிள்ளைகளின் கை மறந்துவிடும் என்று கொடுக்கவில்லை.

திருமுருகன் தலையைத் திருப்பாமல், "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றார்.

"படம் முடியட்டும்லா, தரேன்" என்றேன்.

கொஞ்சம் கழித்துச் சிந்து பென்சிலைக் கீழே வைத்தாள். "சார், அவருக்கு வேர்க்கிறது நின்னுருச்சு."

நல்ல கவனிப்பு என்று பாராட்டினேன். பென்சிலை எடு என்றேன்.

அப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. நான் சோறு கொண்டுபோயிருந்தேன். வெயிலில் மூட்டையோடு நின்றார். சட்டை நனைந்திருந்தது, நெற்றி காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆள் தெரியவில்லை. பிறகு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வருவதற்குள் போய்விட்டார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேலையைப் பார்த்தார்கள். ஒருவரும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. உழைக்கிறவனை இந்தப் பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

திருமுருகன் விழுந்தார். மூட்டை பிரிந்து மாவு அவர் முகத்தில் கொட்டியது. அவரிடம் ஓடிப்போனவர்களைத் திரும்ப உட்காரச் சொன்னேன். விழுந்த உடம்பில் எடை எங்கெல்லாம் படுகிறது பாருங்கள் என்றேன். சிலர் வரைந்தார்கள். சிந்து வெளியே போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்காமலே போய்விட்டார்.

நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன். வேர்வை நின்றதைச் சிந்துவுக்கு முன்னாலேயே பார்த்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பட்டறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துதான் நிற்க வைத்தேன்.

படங்களை எடுத்து வந்திருக்கிறீர்களே, பாருங்கள். ஒன்றுகூட மிதக்கவில்லை.

நின்றதற்கான சம்பளத்தைக் கல்லூரி அவர் மனைவிக்கு அனுப்பிவிட்டது. தண்ணீர் தருகிறேன் என்று சொன்னது நான். அது இன்னும் பாக்கி.