ஊர்க் காற்று

டீயில் சீனி கொஞ்சம் தூக்கல் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அடுத்தவர் முகம் வாடும்படி நான் எதுவும் சொல்வதில்லை. மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்திருந்த சேதுபதி சாருக்கு முதலில் இது புரிய வேண்டும்.

காசநோய்க்குப் புது மருந்துகள் வந்த காலம் அது. அரசாங்கமே ஊசியும் மாத்திரையும் கொடுத்து, எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் தாதி நான்; 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். ஜூனில் மதிப்பீட்டுக் குழு வரும். முடிவு சுமாராக இருந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். நாட்டைவிட்டுப் போனவர் ஆராய்ச்சிக் கணக்கில் வரமாட்டார் என்றொரு விதி இருந்தது. அதை நான் எழுதவில்லை.

செல்லக்கண்ணு ஊரிலிருந்து கப்பலேறி வந்து செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில், ஒற்றை அறையில், மனைவி பூவம்மாவோடு இருந்தார். எலும்பும் தோலுமாகிவிட்டார், வாய்த்துடுக்கு மட்டும் போகவில்லை.

"மிஸி வந்துட்டாங்க லா. இனி என் மூஞ்சியை யாரு பாப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசிக்குத் திரும்பிப் படுப்பார்.

"மெதுவாத்தான் தேறுவார். இன்னும் ஒரு வருஷம் ஊசி போடணும்" என்றார் டாக்டர். குழு அதுவரை காத்திருக்காது.

அதனால் பூவம்மாவிடம் பேசினேன்.

"ஊர்க் காத்து பட்டா உடம்பு தேறும் பூவம்மா. கூட்டிட்டுப் போயேன்."

"அங்க இந்த ஊசி கிடைக்குமா மிஸி?"

"அங்க அது தேவைப்படாது."

நாகப்பட்டினம் கப்பலுக்கு நானே வழியனுப்பப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தேன். செல்லக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தேற நாளாகும் என்று தெரிந்த மற்றவர்களையும் அப்படித்தான் அனுப்பினேன். யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. குழு எங்களைப் பாராட்டி, திட்டத்தை நீட்டித்தது.

மழைக்காலத்தில் பூவம்மா தனியாகத் திரும்பினாள். நேரே மேலிடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மற்றவர்களைப் பற்றியும் ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

"ஊசி நின்னா செத்துடுவார்னு தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?" என்றார் சேதுபதி சார்.

"தெரியும் சார்."

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப அவர் சாவையும் மத்தவங்க சாவையும் திட்டத்தோட முடிவுல சேர்த்து, கையெழுத்துப் போடுங்க."

பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன்.

"மன்னிக்கணும் சார், நான் பொய் எழுத மாட்டேன். எங்க திட்டத்துல யாரும் சாகலை."