சிறகைத் தூக்கும்வரை

பறவை பார்க்கப் போகிறவர்கள் மண்நிறச் சட்டைதான் போட வேண்டும் என்பார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை, ஐயா. சிவப்புச் சட்டை போட்டவன் அசையாமல் நின்றால் பறவை பக்கத்திலேயே வந்து உட்காரும். அதற்கு அசைவும் சத்தமும்தான் ஆகாது.

அன்று காலை நானும் என் மனைவியின் தம்பியும் சதுப்பு நிலத்துக்குப் போனோம். பக்கத்து வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒரு வடிகால். ஒன்பது மணிக்கு ஏரி மதகைத் திறந்தால் அதில் கால் மணி நேரத்துக்கு ஒரு முழம் தண்ணீர் ஏறும். இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அத்தான், இந்தத் தடவையாவது பறவையைப் பாருங்க. போன தடவை பிளாஸ்டிக் பையைக் கொக்குன்னு எழுதி வச்சீங்க."

"அது தூரத்துல இருந்துச்சுடா."

"கைப்பிடிகூடவா தெரியலை?"

எங்கள் பறவை பார்க்கும் குழுவில் ஒரு வருடம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு படம் இல்லாமல் நான் சொன்ன எதையும் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

மார்பு வரை வரும் ரப்பர் உடையோடு அவன் சதுப்புப் பக்கம் கடக்க வடிகாலில் இறங்கினான். நடுவில் நின்றுவிட்டான். "அத்தான், கால் மாட்டிக்கிச்சு," என்றான் மெதுவாக. அதே நேரம் எங்களுக்கு நடுவே வரப்பில் ஓர் உள்ளான், சேற்றில் இரை தேடும் சின்னப் பறவை, வந்து இறங்கியது.

உள்ளானில் அரிய வகையை, அதே மாதிரி இருக்கும் சாதாரண வகையிலிருந்து பிரித்தறிய ஒரே வழிதான். சிறகைத் தூக்கும்போது அக்குளில் கருப்பு தெரிய வேண்டும். பறக்கும்போது படம் மங்கிவிடும்; நின்றபடி தூக்குவது பெரும்பாலும் சோம்பல் முறிக்கும்போதுதான். எப்போது முறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சேற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகும். பக்கவாட்டில் ஆட்டினால் தண்ணீர் உள்ளே போய் விடுபடும். பிடித்துக்கொள்ள மட்டும் ஏதாவது வேண்டும். என் கேமரா முக்காலி போதும். இருபது அடி நடந்து நீட்டியிருந்தால் வெளியே வந்திருப்பான். பறவை பறந்திருக்கும்.

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் தலையாட்டினான். பறவையைக் கலைக்கக் கூடாது என்று குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லித் தருபவனே அவன்தான். கொஞ்சம் சிரித்தான்கூட.

மதகு திறந்தார்கள். தண்ணீர் அவன் இடுப்பில் இருந்தது, பிறகு மார்பில். அவன் என்னையே பார்த்தான். நான் மறுபடியும் விரலை வைத்தேன். தண்ணீர் உடையின் மேல் விளிம்பைத் தாண்டினால் மெதுவாக ஏறாது, ஐயா, ஒரேயடியாக உள்ளே கொட்டும். அவன் பின்னால் சாய்ந்தான். கால் சேற்றில் இருந்ததால் எழ முடியவில்லை.

அந்தச் சலசலப்பில்தான் பறவை, பறக்கும் முன் நின்றபடியே, சிறகைத் தூக்கியது. படம் எடுத்துவிட்டுத்தான் ஓடினேன். அவனை வெளியே இழுத்தபோது மூச்சில்லை. படத்தில் கருப்பு தெளிவாக விழுந்திருக்கிறது. அதை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. காட்டக் கூசுகிறது.

தூரத்து வரப்பில் இருந்தேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய். என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் ஒரு சத்தம்கூடப் போடலையாங்க?"

"போடலைம்மா," என்றேன். அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.