நாலு மணிக் கையெழுத்து

பெயர்: தங்கப்பொண்ணு. வயது: 50. கணவர் பெயர்: மலைச்சாமி. தொழில்: காவல்துறையில் சிறப்பு சார்பு ஆய்வாளர். சொந்த ஊர்: பேரையூர் தாலுகா. தற்போதைய விலாசம்: காவலர் குடியிருப்பு, மதுரை. பதிவான நாள்: 09.04.2025, நீதித்துறை நடுவர் முன்பாக.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் மகள் அஸ்வினியுடனும் குடியிருந்து வருகிறேன். 1997-இல் இரண்டாம் நிலைக் காவலராகப் பணியில் சேர்ந்தேன். கடந்த ஒன்றரை ஆண்டாக மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் புறக்காவல் நிலையத்தில் மேற்பார்வை அலுவலராக இருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று காவலர்கள். இதைச் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், சொன்னால் எனக்கே பாதகமாகலாம் என்றும், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் நடுவர் அம்மா அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஐம்பத்தாறு நாள் யோசித்துவிட்டேன், இனியும் யோசித்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று பதில் சொன்னேன்.

வளாகத்தின் கிழக்குப் பக்கம் நிர்வாகக் கட்டடமும் எங்கள் புறக்காவல் நிலையமும் இருக்கின்றன. மேற்குப் பக்கம் மாணவியர் விடுதியும் அதன் பின்னால் மோட்டார் அறையும் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் நடுவே உயரமான சுவர், மேலே கம்பி வேலி, போக வர ஒரே ஒரு இரும்புக் கதவு. வெளியே சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர்.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு தகரப் பெட்டியில் எங்கள் பட்டா புத்தகம் இருக்கும். ரோந்து போகிற காவலர் அங்கே வந்து போன நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிற நோட்டுதான் அது. இப்படி வளாகத்தில் நான்கு இடம். நாங்கள் நான்கு பேர், வண்டி ஒன்று, அதுவும் பாதி நாள் ஓடாது. ஆகவே நாங்கள் எல்லா நேரத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். தணிக்கைக்கு வரும் அதிகாரி கட்டம் காலியாக இருந்தால் மெமோ கொடுப்பார். பொய்யாக நிரப்பிய கட்டத்துக்கு யாரும் மெமோ கொடுத்து நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருடத்தில் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதுதான் நடந்தது, நானும் வந்த புதுக் காவலர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

12.02.2025 அன்று விடுதிக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் வராததால் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் உட்கார்ந்து போராட்டம் செய்தார்கள். காலை சுமார் 11.00 மணிக்கு முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவர் அருண்பாண்டி, வயது 23, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர், மனுவோடு என்னிடம் வந்தார். அவரை எனக்கு முன்பே தெரியும். சட்டம் பேசுகிற பிள்ளை, எதிரே வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று என்னிடம், "மேடம், மோட்டார் ரூம் பூட்டியே கெடக்கு. எரநூறு புள்ளைக குளிக்காம கெடக்குதுக. ஆபரேட்டர் எப்பத்தான் வருவாரு?" என்று கேட்டார். அவரைக் கூட்டத்திலிருந்து நகர்த்திவிட்டால் போதும் என்ற நினைப்பில் நான், "ரெண்டு மணிக்கு மேல வருவாரு. அங்க போயி நில்லு, வந்ததும் கையோட தொறக்கச் சொல்லு" என்று சொன்னேன். ஆபரேட்டர் வருவாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அதன் பிறகு பகல் 2.30 மணிக்குக் கூட்டம் விடுதிப் பக்கம் போய்விடக் கூடாது என்று நடுக்கதவைப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பகலில் அந்தக் கதவைப் பூட்டக் கூடாது என்று பல்கலைக்கழகத்தின் உத்தரவு இருப்பதால் நாட்குறிப்பில் அதை எழுதவில்லை. அதன் பிறகு அன்று மாலை மேலதிகாரி தணிக்கைக்கு வருவதாகத் தகவல் வந்ததால், 2.40 மணிக்கு நிலையத்தில் என் மேசையில் இருந்தபடியே, காலையிலேயே எடுத்து வந்திருந்த மோட்டார் அறை நோட்டின் அன்றைய பக்கத்தில் 3.00 மணி, 3.30 மணி, 4.00 மணி என்று மூன்று கட்டங்களை நிரப்பி, ஒவ்வொன்றிலும் "நேரில் பார்வையிட்டேன், ஆள் நடமாட்டம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 2.45 மணிக்கு விடுதிப் பக்கம் பணியில் இருந்த பெண் காவலர் தமிழ்ச்செல்வியைக் கதவருகே வரச் சொல்லி, கம்பி இடுக்கு வழியாக நோட்டைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப்போய் 2.50 மணிக்குப் பெட்டியில் வைத்துவிட்டு விடுதி வாசலுக்குத் திரும்பிவிட்டார். அப்போது அங்கே யாரும் இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு 3.10 மணிக்கு நிர்வாகக் கட்டடத்தின் முன் தள்ளுமுள்ளு ஏற்பட்டு, கூட்டத்திலிருந்து வந்த கல் ஒன்று அலுவலகக் காரின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த ஓட்டுநர் முத்திருளன் அவர்களின் இடது கண்ணில் பட்டது. நான் இருபது அடி தூரத்தில் நின்றேன். கல் வந்ததைப் பார்த்தேன், எறிந்த கையைப் பார்க்கவில்லை. அவரை என் மடியில் சாய்த்து வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும், "தங்கச்சி, வண்டியில சாவி கெடக்கு, எடுத்து வச்சுக்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கண் போய்விட்டது. மருத்துவமனையில் கேட்டபோது, யார் எறிந்தது என்று தானும் பார்க்கவில்லை என்றார்.

அதன் பிறகு 3.35 மணிக்குக் கூட்டம் கலைந்ததால் காவலர் அழகுபாண்டியிடம் சாவியைக் கொடுத்து நடுக்கதவைத் திறக்கச் சொன்னேன். 3.45 மணிக்கு நிர்வாகக் கட்டடத்தின் அருகே அருண்பாண்டியைப் பிடித்தார்கள். காலையில் மனுவோடு முன்னால் நின்றவர் என்பதால் அலுவலக ஊழியர்கள் இருவர் அவர் பெயரைச் சொன்னார்கள். கொலை முயற்சி வழக்குப் பதிவாகி அன்றே சிறைக்கு அனுப்பப்பட்டார். தான் இரண்டு மணிக்கே மேற்குப் பக்கம் போய், ஆபரேட்டரைத் தேடிச் சுற்றிவிட்டு, மூன்று மணியிலிருந்து மோட்டார் அறையில் அவருக்காகக் காத்திருந்ததாகவும், கதவு பூட்டியிருந்ததால் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை என்றும், திறந்த பிறகுதான் வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். விசாரித்த ஆய்வாளர் மோட்டார் அறையில் இருந்த பட்டா புத்தகத்தைக் கைப்பற்றினார். அதில் மூன்று மணிக்கும் மூன்றரை மணிக்கும் ஆள் நடமாட்டம் இல்லை என்று என் கையெழுத்து இருந்தது. கதவு பூட்டியதற்கு எங்கேயும் பதிவு இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு என் எழுத்தே சாட்சியாகிவிட்டது.

மறுநாள் ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். நான் போவதற்கு முன்பே அதை எழுதி முடித்திருந்தார்கள். நேரில் பார்வையிட்டேன் என்று அதிலும் இருந்தது. நான் தலையாட்டினேன். முத்திருளன் அண்ணனுடைய ரத்தம் என் சட்டைக் கையிலிருந்து அப்போதும் முழுதாகப் போகவில்லை. அவர் கண்ணைப் பறித்தவன் எவனோ அவன் மாட்டிக்கொண்டான் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. நான் மோட்டார் அறைக்குப் போகச் சொன்னது உண்மை, ஆனால் போனானா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று பத்தொன்பது நாள் எனக்கே சொல்லிக்கொண்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வந்தேன்.

03.03.2025 அன்று காலை 10.00 மணி அளவில் அருண்பாண்டியின் தாயார் அழகம்மாள் புறக்காவல் நிலையத்துக்கு வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். முந்தின வாரம் சிறையில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. என்னிடம், "அம்மா, நீங்க எம்புட்டோ பேரப் பாத்திருப்பீக. எம் பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றான். மோட்டார் ரூம்ல சும்மா நிக்கையில அந்தப் பெட்டியத் தொறந்து உங்க நோட்டப் பாத்தானாம். மணி மூணுதான் ஆகுதாம், அதுல நாலு மணிக் கையெழுத்துக் கெடந்துச்சாம். அது எப்படியா இருக்கும்னு வக்கீலு சத்தம் போடுறாரு. கிறுக்குப் பிடிச்சு ஒளறுறான்னு எல்லாரும் சொல்றாக" என்றார்.

நடுவர் அம்மா, இந்த இடத்தை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நோட்டு 2.50 மணி வரை பெட்டியில் இல்லை. நடுக்கதவு 2.30 மணியிலிருந்து 3.35 மணி வரை என் சாவியால் பூட்டியிருந்தது. நாலு மணிக் கையெழுத்து மூன்று மணிக்கே கிடந்ததைப் பார்த்தவர், அந்த நேரத்தில் சுவருக்கு மேற்கே மோட்டார் அறையில் நின்றவராகத்தான் இருக்க முடியும். வெளியே ஏழு கிலோமீட்டர் சுற்றி வந்து 3.10 மணிக்குக் கிழக்கே நின்று கல் எறிந்திருக்க முடியாது. கதவு திறந்த பிறகு போய்ப் பார்த்தார் என்று சொல்லவும், 3.35-க்கும் அவரைப் பிடித்த 3.45-க்கும் நடுவே அங்கே போய்த் திரும்ப நேரம் போதாது. அருண்பாண்டி சொல்வது உண்மை என்று அறிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். அந்தத் தாயார் நேராக என்னிடம் வந்துதான் கேட்டார்.

நான் அவரிடம், "போயிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று சொன்னேன். அவர் மறுநாளும் வந்தார். நான் பின்வாசல் வழியாக ரோந்துக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு 06.03.2025 அன்று வழக்கை விசாரித்த ஆய்வாளரை நேரில் பார்த்து, கையெழுத்து முன்கூட்டியே போட்டது என்று சொன்னேன். அவர், "எல்லாரும் போடுறதுதானம்மா. இதப் போயி வெளிய சொன்னா ஜில்லாவுல எந்த நோட்டு நிக்கும்? இத்தன வருசம் சர்வீஸ் போட்டுட்டு உனக்கு ஏன் இந்த வேல?" என்றார். 10.03.2025 அன்று மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன், பதில் இல்லை. வீட்டில் என் கணவரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் அவர், "சொல்றதுன்னா முழுசாச் சொல்லு, பாதியச் சொல்லிட்டு வந்து அழுகாத" என்றார். தமிழ்ச்செல்விக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னயும் சேத்து மாட்டிவிட்ராதீக" என்று அழுதார். அதுவரை அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நோட்டைக் கொடுத்தது நான், வைக்கச் சொன்னது நான், அவர் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததைத் தவிர எந்தத் தவறும் செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் அருண்பாண்டிக்கு இரண்டு முறை ஜாமீன் மறுக்கப்பட்டது. இரண்டு உத்தரவிலும் பட்டா புத்தகம் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தாயார் போட்ட மனுவின் பேரில் வழக்கு வேறு அதிகாரிக்கு மாற்றப்பட்டு, அவர் 04.04.2025 அன்று என்னைக் கூப்பிட்டார். பழைய வாக்குமூலத்தையே புதுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இதுதானே என்று கேட்டார். இது இல்லை, இனி நான் சொல்வதை நடுவர் முன்பாகத்தான் சொல்வேன் என்றேன். அவர் இந்தப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தார். அந்த அளவில் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நேற்று அழகம்மாளை நானே வாடிப்பட்டி பேருந்து நிலையத்தில் போய்ப் பார்த்தேன். இப்போது மனு போட்டாலும் மகன் பார்க்க வருவதில்லை என்றார். நோட்டைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாராம். கடைசியாகப் பார்த்தபோது, "ஒருவேள நாந்தான் தப்பாப் பாத்திருப்பேனோ என்னமோம்மா" என்று சொன்னாராம். நடுவர் அம்மா, நான் பயப்படுவது அதற்குத்தான். வரும் 21-ஆம் தேதி அந்தப் பையனுக்குக் கடைசிப் பருவத் தேர்வு. என்னை வேலையை விட்டு எடுக்கட்டும், என் மீது வழக்கே போடட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் பார்த்தது சரிதான் என்று இன்றைக்கே யாராவது போய் அவனிடம் சொல்ல வேண்டும். தாமதித்தால் சொல்வதற்கு அங்கே ஆள் இருக்குமோ இருக்காதோ, தெரியாது.

மேலே கண்டவை முழுவதும் நான் சொன்னவையே. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் நடுவர் அம்மா அவர்களிடம் மணி கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 12.40 என்று சொன்னார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன், 12.40. இந்தக் கையெழுத்தை இங்கே, இப்போது, அந்த நேரத்தில் இடுகிறேன்.

(ஒப்பம்) தங்கப்பொண்ணு
09.04.2025, பகல் 12.40 மணி