தண்ணிய நிறுத்துனது யாரு?

கார்டைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க சார். போட்டோவுல இருக்குறது நீங்கதானா? இதுல முடி இருக்கே. கோச்சுக்காதீங்க. போன தடவை ஒருத்தர் கார்டே காட்டாம உக்காந்து பேசிட்டுப் போனாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கம்பெனி வக்கீலோட ஆளுன்னு. நீங்க சர்க்காரா? சரி. சர்க்கார் ஆளு எதுக்குக் கம்பெனி வண்டியில வந்து இறங்குனீங்க? ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் கதவைத் திறந்தேன். ஓ, உங்க வண்டி ரிப்பேரா. ரிப்பேர் ஆகுறதுக்கும் நேரம் பாத்துத்தான் ஆகுது.

அந்த போனைக் கவுத்து வைக்காதீங்க. ரெக்கார்ட் பண்றதுன்னா எனக்குத் தெரிஞ்சு பண்ணுங்க.

ஆமா, எம் வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரு. யாரு இல்லைன்னது? சாப்பிட்டதும் பின்பக்கப் படியில உக்காந்து ஒண்ணு. மக திட்டுவா, சிரிச்சுக்குவாரு. அதுக்காக எண்ணெய் டேங்குக்குள்ள அவரு பத்த வச்சாருன்னு எழுதுறதா? டேங்கைச் சுரண்டிக் கழுவ இறங்குறதுக்கு முன்னாடி பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டணும் சார். டார்ச்சு கூட அவங்க குடுக்குறதுதான். அதுலயும் இவரு மேஸ்திரி. மத்தவங்க பாக்கெட்டைத் தடவிப் பாக்குறதே இவருதான்.

டேங்குக்குள்ள கிடந்துச்சுன்னு கம்பெனி காட்டுற லைட்டரா? அந்தப் போட்டோவ நானும் பாத்தேன். டேங்கே கருகிக் கிடக்கு, அந்த லைட்டர்ல பெயிண்ட் கூட உரியல. கடையில வாங்கி வச்ச மாதிரி இருக்கு. நீங்க நம்புறீங்களா அதை?

ஆறுதல் சொல்றேன்னு பழக்கூடையோட ஒரு அம்மாவையும் கம்பெனியில இருந்து அனுப்புனாங்க. வாய்தான் ஆறுதல் சொல்லுது, கண்ணு அலமாரியையே மேயுது. பாத்ரூம் போறேன்னு போச்சு. குப்பைக்கூடையைக் கிளறுற சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. சிகரெட் துண்டு தேடியிருக்கு. அந்தப் பழத்தை நாங்க யாரும் தொடல.

தீ எப்படி வந்துச்சுன்னு என்னையே கேக்குறீங்களா? தெரிஞ்சுகிட்டே வாயைக் கிளறுறீங்க. பரவால்ல, அவரு சொன்னதைச் சொல்றேன். அந்த எண்ணெயில கந்தகம் ஜாஸ்தி. அது கொஞ்சங்கொஞ்சமா டேங்கோட இரும்பை அரிச்சு, சுவர்ல கறுப்பா பொருக்கு மாதிரி ஒட்டிக்கும். இரும்பு சல்ஃபைடும்பாரு. ஈரமா இருக்குற வரைக்கும் அது சாது. மூடியைத் திறந்து, காத்துப் பட்டு, காஞ்சுதோ, தீக்குச்சியே வேண்டாம். தானாவே சூடேறிக் கங்கு மாதிரி சிவந்துரும். எண்ணெய் ஆவி பக்கத்துல இருந்தா அவ்வளவுதான். மகளுக்கு ஸ்கூல்ல தங்கமா மினுங்குற ஒரு கல்லைக் காட்டுனாங்களாம். அதுவும் இரும்பும் கந்தகமும்தானாம், அதுல இருந்து ஆசிட்டெல்லாம் எடுக்கலாமாம். பெருமையா வந்து சொன்னா. இவரு, உன் கல்லு நல்ல பிள்ளைம்மா, எங்கிட்ட மாட்டியிருக்குறது அதோட ரௌடி அண்ணன்னாரு.

அந்தப் பொருக்குல ஆசிட் பட்டா அழுகின முட்டை மாதிரி ஒரு வாயு கிளம்பும். நாத்தம் வந்தா வெளிய வா, வந்த நாத்தம் திடீர்னு நின்னுட்டா ஓடியே வா, மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்னு ஆளுங்ககிட்ட சொல்லுவாரு. அவ்வளவு பயந்த மனுஷன் சார்.

சுரண்டச் சுரண்ட ஹோஸ்ல தண்ணி அடிச்சுகிட்டே இருக்கணும். அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல தண்ணி நின்னுருச்சு. சேறா இருந்தா அள்ள முடியல, சீக்கிரம் முடிக்கணும், காயட்டும்னு என்ஜினியர் சொல்லியிருக்காரு. இவரு திரும்பி வந்து பாத்தா ஹோஸ் காஞ்சு கிடக்கு. ஆளுங்களை அப்படியே வெளிய நிறுத்திட்டு, தான் மட்டும் தலையை உள்ள விட்டுப் பாத்திருக்காரு. சுவர்ல சிவப்பா ஏதோ ஊர்ந்துச்சாம். சிகரெட் நுனி மாதிரியே இருந்துச்சும்மான்னாரு.

யாருகிட்ட சொன்னாரா? எங்கிட்டத்தான். ஆஸ்பத்திரியில பேச்சே இல்லாம இருந்தாருன்னு எழுதி வச்சிருக்காங்களா? பாத்தீங்களா! உடம்பு பூரா கட்டு, நெசந்தான். ஆனா பேசுனாரு. விட்டு விட்டுப் பேசுனாரு.

தண்ணி வால்வை மூடுனது யாரு, வால்வை மூடுனது யாருன்னு அதையே சுத்திச் சுத்தி வர்றீங்க. என்ஜினியர் பேரை ஒரு வாட்டியாவது கேட்டீங்களா? மூடுனவன் கூலியாளா இருந்தா அவன் தலையில கட்டிட்டுக் கிளம்பிரலாம், அதானே? எம் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயந்தான். அவன் பேரை யார்கிட்டயும் சொல்லாதே, புதுசா சேந்தவன், வெளிய நின்னு வால்வு திருப்புறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும், சொன்னதைச் செஞ்சான்னாரு. சிகரெட்டுன்னு சொல்றாங்களா, சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு இனிமே என்னன்னாரு. கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணலாம்னா பிடிக்கக் கை இல்ல. கட்டில் கம்பியைப் பிடிச்சுகிட்டு சரின்னேன். அப்பாதான் நெருப்பு வச்சாராம்மா, ஸ்கூல்ல சொல்றாங்கன்னு மக அழுறா. அப்பவும் வாயைத் திறக்கல.

இன்னைக்கு ஏன் பேசுறேன்னா, பக்கத்து டேங்கைத் திறந்துட்டாங்களாம். சிகரெட் பிடிக்காதேன்னு வாசல்ல பெரிய போர்டு வச்சாச்சாம், அதுதான் பாதுகாப்பாம். தண்ணி லாரி வரல. நாளைக்குக் காலையில ஆள் இறங்குது. நீங்க நெசமாவே சர்க்கார்னா முதல்ல போய் அதை நிறுத்துங்க.

எழுதிக்குங்க. என்ஜினியர் சொன்னாருன்னு முதல்ல எழுதுங்க. எழுதிட்டு எனக்குக் காட்டுங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ம், சரி.

இப்ப இதையும் எழுதிக்குங்க. வால்வை மூடுனவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். மாமா சிகரெட்டாலதான் போனாருன்னு இன்னும் நம்பிகிட்டு இருக்கான். மேஸ்திரி வேலையை இப்ப அவனுக்குத்தான் குடுத்திருக்காங்க. நாளைக்கு முதல் ஆளா இறங்கப் போறதும் அவன்தான்.